'செட்'னு ஒரே வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்யா? சாட்ல உக்காந்து மண்டை காயுது

பெருங்குடி_பையன்:

வணக்கம் மக்களே. நமக்கு ஊரு திருவண்ணாமலை பக்கம், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில சாட் சப்போர்ட் பாக்குறேன். அமெரிக்கா கஸ்டமர்ஸ், எல்லாமே டைப் பண்றதுதான், பேச்சு கிடையாது. பெருசா நீளமா ஒரு வார்த்தை வந்தா எனக்கு பயமே இல்ல, தேடினா ஒரே அர்த்தம் வரும், புரிஞ்சிடும், போயிட்டே இருக்கலாம். இந்த மூணு எழுத்து வார்த்தைங்கதான் உயிரை வாங்குது. கெட், புட், ரன், எல்லாத்துக்கும் மேல இந்த செட்.

நம்ம ஊர்ல செட்டுனா பம்ப் செட்டு, மைக் செட்டு, கூட சுத்துற பசங்க செட்டு, அவ்ளோதான். இங்க ஒருத்தர் 'ஐ ஆம் ஆல் செட்'ங்கறார், ஒருத்தர் 'வாட் செட் இட் ஆஃப்'னு கேக்குறார், இன்னொருத்தர் அப்டேட்டுக்கு 'டெட் செட் அகெய்ன்ஸ்ட்'டாம், டீம் லீட் வேற 'செட் அசைட் சம் டைம்'னு மெயில் போடுறாங்க. அகராதியை தொறந்தா ஸ்க்ரோல் பண்ணப் பண்ண போயிட்டே இருக்கு, எங்க முடியுதுனே தெரியல. இதுக்கு ஏதாவது ஒரு பிடி இருக்கா, இல்ல ஒவ்வொண்ணா நெட்டுரு போட வேண்டியதுதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஷிப்ட்_முடிஞ்சது:

நெட்டுருதான் ப்ரோ, வேற வழியே இல்ல. ஃப்ரேசல் வெர்ப் (செட் ஆஃப், செட் அசைட் மாதிரி சேந்து வர்ற வினைங்க) லிஸ்ட்டுனு நெட்ல பிடிஎஃப் நெறைய கெடைக்கும், ஒண்ணை இறக்கி டெய்லி கேப் வர்ற நேரத்துல அஞ்சு அஞ்சா பாரு. நாங்கல்லாம் அப்படித்தான் தேறினோம்.

---

ராயப்பேட்டை_கம்பாசிட்டர்:

தம்பி, லிஸ்ட் மனப்பாடம் மறுநாளே பறந்துடும். நான் வேற மாதிரி சொல்றேன், பொறுமையா படி.

நான் ஈய எழுத்து காலத்து ஆளு. அச்சு கோக்குற வேலை. அதுக்கு இங்கிலீஷ்ல டைப் செட்டிங்னு பேரு. கேஸ்னு சொல்ற எழுத்துப் பெட்டியில இருந்து ஒவ்வொரு எழுத்தா பொறுக்கி எடுத்து, ஸ்டிக்னு கையில பிடிக்கிற சட்டத்துல நிறுத்தணும், வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல ஸ்பேஸ் சொருகணும், வரி கடைசியில கொஞ்சம் தொளதொளன்னு இருந்தா இன்னொரு மெல்லிசு ஸ்பேஸை நடுவுல நுழைச்சு இறுக்கணும். கட்டை விரலை வச்சு அழுத்தினா ஒரு எழுத்துகூட அசையக் கூடாது. அசைஞ்சா ஃபோர்மேன் திட்டுவார், மெஷின்ல ஏத்தினதும் எழுத்து எகிறி வெளிய வந்துடும். இப்படி ஒண்ணை அதோட எடத்துல அசையாம உக்கார வைக்கிறதுதான் செட். வார்த்தையோட பூர்வீகமும் அதுதான். பழைய இங்கிலீஷ்ல 'செட்டன்'னு இருந்தது, சிட்னா உக்காரு, செட்னா உக்கார வை. நம்மள்ல ஓடு ஓட்டு, ஆடு ஆட்டு, வீழ் வீழ்த்துனு ஜோடி ஜோடியா வரும் இல்லையா, அவங்க கிட்டயும் அப்படி கொஞ்சம் மிச்சம் இருக்கு. ரைஸ் ரெய்ஸ், லை லே, ஃபால் ஃபெல். மரம் தானா சாஞ்சா ஃபால், கோடாலி போட்டு சாய்ச்சா ஃபெல். அந்த வரிசையில சிட் செட்.

இப்ப 'உக்கார வை'ல உக்காரை தூக்கிப் போட்டுட்டு 'வை'யை மட்டும் கையில எடுத்துக்கோ. தீ வை, பொறி வை, அலாரம் வை, விலை வை, கெடு வை, தேதி வை, பரிட்சை வை, குறி வை, ஒரு எடத்துல கால் வை, வெடி வை. இவ்வளவுக்கும் இங்கிலீஷ்ல செட் போட்டு சொல்லலாம். 'நீ மனசு வச்சா முடியும்'னு சொல்றோமே, அதைக்கூட அவங்க 'செட் யுவர் மைண்ட் டு இட்'னுதான் சொல்றாங்க. யாரும் யாரைப் பாத்தும் காப்பி அடிக்கல, ரெண்டு ஜனமும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கு. உங்க டீம் லீட் போட்ட 'செட் அசைட்' ஒதுக்கி வை, அவ்வளவுதான். 'வாட் செட் இட் ஆஃப்'னா எது அதைக் கிளப்பி விட்டுச்சுனு கேக்குறாரு, வெடிக்கு திரியில நெருப்பு வைக்கிற அர்த்தத்துல இருந்து வந்தது. 'டெட் செட்'னா நல்லா இறுகி நிக்கிறாரு, அசைய மாட்டாரு, அப்டேட் வேண்டவே வேண்டாம்ங்கறாரு.

அகராதி முடியவே இல்லனு சொன்னியே, அது உன் தப்பு இல்ல. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி 1989ல ரெண்டாவது பதிப்பா வந்தப்ப அதுல இருந்ததுலயே நீளமான பதிவு இந்த செட்டுங்கற வினைச்சொல்லுக்குத்தான், 430 அர்த்தம், அந்தப் பதிவு மட்டும் சுமார் 60,000 வார்த்தை. அப்புறம் திருத்தி எழுதுறப்ப 2011ல ரன் அதைத் தாண்டிடுச்சு, 645 அர்த்தம். இதையெல்லாம் எவன் மனப்பாடம் பண்றது.

இன்னொண்ணு சொல்லிடுறேன். நீ சொன்ன பசங்க செட்டு, நகை செட்டு, டீ கப் செட்டு, இது வேற குடும்பம். லத்தீன்ல 'செக்டா'னு ஒரு சொல், ஒருத்தர் பின்னாடி போற கூட்டம்னு வச்சுக்கோ, அது பிரெஞ்சு வழியா வந்து இதோட கலந்துடுச்சு. மதத்துல பிரிவுக்கு செக்ட்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் பங்காளி. ஸ்கூல்ல கணக்குப் புத்தகத்துல இதைத்தான் கணம்னு படிச்சிருப்ப, ஒன்பதாவதுல கண மொழினு முதல் பாடமே உண்டு. ஆக கூட்டமா ஒரு செட்டு, உக்கார வைக்கிற ஒரு செட்டு, ரெண்டையும் போட்டு குழப்பிக்காத.

---

பெருங்குடி_பையன்:

ஐயா வேற லெவல். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்க டீம் குரூப்ல போட்டாச்சு. ஒரு டவுட்டு, குழம்பு வை, பொட்டு வை, பேர் வை, இதுக்கெல்லாம் செட் போட்டா ஓகேவா?

---

ராயப்பேட்டை_கம்பாசிட்டர்:

ஆகாது தம்பி. 'வை' வர்ற எடத்துலலாம் கண்ணை மூடிட்டு செட் போடாத. இங்கிலீஷ்ல செட் வந்து நிக்கிறப்ப, 'இங்க வை போட்டா பொருந்துதா'னு திருப்பிப் பாரு, பாதிக்கு மேல தெளிஞ்சிடும். படிச்சுப் புரிஞ்சுக்குறதுக்குத்தான் இந்த வழி. எழுதுறதுக்கு காது பழகணும், அதுக்கு நாலு இங்கிலீஷ் பேப்பர் படிக்கணும், வேற மருந்து கிடையாது.

---

பாரீஸ்_கார்னர்:

பெரியவர் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா தம்பி, 'செட் அசைட்'னா ஒதுக்கி வைனு மட்டும் மனசுல பதிச்சுட்டு நாளைக்கு கோர்ட் பக்கம் வந்துடாதீங்க, இங்க கதையே வேற.

ஹைகோர்ட் ஒரு ஆர்டரை 'செட் அசைட்' பண்ணிடுச்சுனா அதை பத்திரமா ஒதுக்கி வச்சிருக்காங்கனு அர்த்தம் இல்ல. ரத்து. காலி. பேப்பர்ல 'தீர்ப்பு ரத்து'னு போடுறாங்களே, அதுக்கு இங்கிலீஷ் மூலத்துல பாதி நேரம் செட் அசைட்தான் இருக்கும்.

இதைவிட கூத்து ஒண்ணு இருக்கு. சிவில் கேஸ்ல நோட்டீஸ் போயும் பிரதிவாதி வரலன்னு வைங்க. மூணு தடவை பேர் கூப்பிடுவாங்க, யாரும் இல்ல. உடனே ஃபைல்ல எழுதுறது 'கால்டு ஆப்சென்ட், செட் எக்ஸ்பார்ட்டி'. அவர் இல்லாமயே கேஸ் நடந்து டிக்ரி, அதாவது கோர்ட்டோட தீர்ப்பாணை, ஆயிடும். ரெண்டு வாரம் கழிச்சு அந்த மனுஷன் அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவாரு, 'சார் சம்மனே வரல, பக்கத்து வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டு வாங்கிருக்கான்'னு. அப்ப நாங்க போடுற பெட்டிஷன் பேரு என்ன? எக்ஸ்பார்ட்டி டிக்ரியை 'செட் அசைட்' பண்ணச் சொல்லி. சிவில் ப்ரொசீஜர் கோட்ல ஆர்டர் 9 ரூல் 13. டிக்ரி ஆன தேதியில இருந்து 30 நாள், சம்மன் முறையா கெடைக்கலன்னா டிக்ரி விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து 30 நாள். ஆளை வெளிய தள்றதும் செட், உள்ள கூட்டிட்டு வர்றதும் செட். எங்க ஆபீஸ்ல புதுசா வர்ற ஜூனியர் எல்லாம் முதல் மாசம் இதுலதான் முழிப்பாங்க.

இன்னும் கேளுங்க. ஏலத்துல 'அப்செட் ப்ரைஸ்'னு போடுவாங்க. சொத்து போற சொந்தக்காரர் அப்செட் ஆகுறதால வந்த பேருனு எங்க கிளார்க் ஒருத்தர் ரொம்ப சீரியஸா விளக்கம் சொல்வாரு. அது இல்ல. இந்த விலைக்குக் கீழ கேக்கவே கூடாதுனு நிர்ணயிச்ச அடி விலை அது. அப்செட்டுக்கு பழைய அர்த்தம் தூக்கி நிறுத்துறது, கவுக்குறதுங்கறதெல்லாம் பின்னாடி வந்தது. ஏலத்துல மட்டும் அந்தப் பழசு அப்படியே தங்கிடுச்சு. வக்கீல் பாஷையில எதுவுமே சாகாது, அதான் எங்க பொழப்பும் ஓடுது.

அப்புறம் வருமான வரி பாக்குறவங்க கிட்ட 'செட் ஆஃப்'னு சொன்னீங்கன்னா வெடியும் இல்ல, கிளம்புறதும் இல்ல, நஷ்டத்தை லாபத்துல கழிக்கிறது. ஷேர்ல லாங் டெர்ம் நஷ்டம் வந்தா லாங் டெர்ம் லாபத்துலதான் கழிக்க முடியும், சம்பளத்துல கழிக்க விட மாட்டாங்க. கேக்காமயே சொல்றேன், ஃபீஸ் வேண்டாம்.

---

சைதாப்பேட்டை_வடகறி:

இன்னாபா இது, இவ்ளோ பெரிய ஆராய்ச்சில செட் தோசைய ஒருத்தரும் கண்டுக்கவே இல்லியே. ரெண்டு தோசை, பஞ்சு கணக்கா, மேல வடகறி. அதான் ஒரிஜினல் செட்டு.

---

ஷிப்ட்_முடிஞ்சது:

பெங்களூர்ல மூணு தருவாங்க ப்ரோ. அதுவும் அங்க இருந்து வந்த ஐட்டம்தான்.

---

சைதாப்பேட்டை_வடகறி:

தோசை அங்கேருந்து வந்துருக்கலாம், வடகறி நம்ம ஏரியா சரக்கு. அத்த மொதல்ல ஒத்துக்கோ, அப்பால எண்ணிக்கை பேசலாம்.

---

சைட்_எஞ்சினியர்_அக்கா:

தோசை சண்டையை அப்புறம் பாத்துக்கோங்க, நான் விட்டுப்போன ஒண்ணை சொல்லிடுறேன். ஐயா சொன்ன 'வை' நல்லா இருக்கு, ஆனா சூரியன் செட் ஆகுறது, சிமெண்ட் செட் ஆகுறது, தயிர் செட் ஆகுறது, இதுல எங்க வை வருது? யாரும் வைக்கலையே, தானா நடக்குது. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேத்திடுறாங்க. நாம கடன் வாங்கின கையோட ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கோம் பாருங்க, 'செட் பண்ணு', 'செட் ஆகு'. இங்கிலீஷ் வாக்கியத்தை பாக்குறப்ப இது பண்ணுவா ஆகுவானு மட்டும் கேட்டுக்கோங்க தம்பி, பின்னாடி பொருள் ஒண்ணு வருதுன்னா பண்ணு, வரலன்னா பெரும்பாலும் ஆகு. ஆகு பக்கம் போயிட்டா தமிழ்ல அதது தனித்தனிச் சொல்லு. சிமெண்ட் இறுகும், தயிர் உறையும், சூரியன் மறையும், ஒடைஞ்ச எலும்பு கூடும்.

சிமெண்ட் பேச்சு வந்ததால ஒரு விஷயம், இதை என் சைட்லயே பாதிப் பேருக்கு புரிய வைக்க முடியல. செட் ஆகுறதுனா காயுறது இல்ல! தண்ணியோட சேந்து உள்ள ரசாயன மாற்றம் நடந்து கெட்டி ஆகுது. ஐஎஸ் கோட்ல, அதாவது இந்தியத் தர விதியில, சாதா சிமெண்டுக்கு இனிஷியல் செட்டிங் டைம் (இறுக ஆரம்பிக்கிற நேரம்) 30 நிமிஷத்துக்கு கம்மியா இருக்கக் கூடாது, ஃபைனல் செட்டிங் (இறுகி முடியுறது) 600 நிமிஷத்தை தாண்டக் கூடாது. லேப்ல விகாட்னு ஒரு கருவி, ஊசியை விட்டு எவ்வளவு இறங்குதுனு பாப்பாங்க. ஃபைனல் செட் ஆயிடுச்சுனா பலம் வந்துடுச்சுனு அர்த்தம் கிடையாது, அதுக்கப்புறம்தான் ஹார்டனிங், அது நாள் கணக்குல போகும். அதனாலதான் தளம் போட்டுட்டு பாத்தி கட்டி தண்ணி நிறுத்துறோம், தூணுக்கு சாக்கு சுத்தி நனைக்கிறோம். மேஸ்திரி 'செட் ஆயிடுச்சு மேடம்'னு சொன்னதும் வீட்டுக்காரர் தண்ணி விடுறதை நிறுத்திடுவாரு. மே மாச வெயில்ல நம்ம ஊர்ல அப்படி விட்டா ரெண்டு நாள்ல மேல முடி முடியா வெடிப்பு. கலவையும் அப்படித்தான், செட் ஆக ஆரம்பிச்சதை சித்தாளை விட்டு தண்ணி ஊத்தி கிண்டி திரும்ப பூசுவாங்க, கேட்டா 'எளகிடுச்சு மேடம்'. எளகும், ஆனா பிடிக்காது.

எங்க தொழில்ல இன்னொரு செட் இருக்கு, செட்பேக். பேப்பர்ல 'கட்சிக்கு செட்பேக்'னா பின்னடைவு. எங்களுக்கு செட்பேக்னா மனைக்கும் சுவத்துக்கும் நடுவுல காலியா விட வேண்டிய எடம். கட்டடத்தை எல்லையில இருந்து பின்னாடி தள்ளி வைக்கிறதால அந்தப் பேரு, ஐயாவோட வை இங்கயும் வந்துடுச்சு பாருங்க. தமிழ்நாட்டுல 2019ல வந்த கட்டட விதிகள்லதான் உயரத்துக்கும் ரோட்டு அகலத்துக்கும் தகுந்த மாதிரி எவ்வளவு விடணும்னு இருக்கு. எல்லாரும் பிளான்ல அழகா விடுவாங்க, வீடு முடிஞ்சதும் அதே சைடு செட்பேக்ல ஒரு ஷீட் போட்டு வாஷிங் மெஷின், அதுக்கு மேல ஒரு மாடிப்படி. அப்புறம் கட்டட அனுமதி பாக்குற சிஎம்டிஏ நோட்டீஸ் ஒட்டினா அவங்களுக்கு ரெண்டாவது அர்த்தத்துல செட்பேக்.

---

பெருங்குடி_பையன்:

அக்கா செம. அப்ப 'பொண்ணு வீட்டுல பேசினோம், செட் ஆகல', 'இந்த வேலை எனக்கு செட் ஆகாது'னு சொல்றோமே, அதை அப்படியே இங்கிலீஷ்ல போடலாமா?

---

சைட்_எஞ்சினியர்_அக்கா:

போடவே கூடாது, அவங்களுக்கு சுத்தமா புரியாது. ஒத்து வர்றது, பொருந்துறதுங்கற அந்த அர்த்தம் நாமளா வளத்துக்கிட்டது. சட்டை, கலர், வேலைன்னா 'சூட்', பேச்சுவார்த்தை, கல்யாணம், ப்ராஜெக்ட்னா 'வொர்க் அவுட்'. லவ்வுல 'அவனுக்கு செட் ஆயிடுச்சு'ங்கறதும் அதே கேஸ்தான், ஏற்றுமதி ஆகாத சரக்கு.

---

ட்ரான்ஸ்லேட்டர்_தி_நகர்:

லேட்டா வர்றேன். எல்லாரும் நல்லா சொல்லிருக்கீங்க, ஆனா அவர் கேட்ட முதல் கேள்வியையே விட்டுட்டீங்க. 'ஆல் செட்'.

தம்பி, சாட்ல இது மூணு விதமா வரும், சாட் சப்போர்ட்டுக்கு இதுதான் முக்கியம். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 'ஆல் செட்?'னு கேட்டா, எல்லாம் ரெடியானு கேக்குறாங்க. நீங்க ஏதோ சரி பண்ணிக் குடுத்துட்டு 'யூ ஆர் ஆல் செட்'னு எழுதினா, முடிஞ்சுதுங்க, இனி நீங்க பாத்துக்கலாம்னு அர்த்தம், மரியாதையான முடிவு, தாராளமா யூஸ் பண்ணுங்க. மூணாவதுதான் நம்மாளுங்க தடுமாறுற எடம். 'வேற ஏதாவது உதவி வேணுமா'னு நீங்க கேட்டு, அவர் 'நோ, ஐ ஆம் ஆல் செட்'னு போட்டாருன்னா, வேண்டாம், போதும்னு நாசூக்கா சொல்றாரு. அங்க ஹோட்டல்ல இன்னும் கொஞ்சம் காபி ஊத்தவானு கேட்டாக்கூட இதே பதில்தான் சொல்வாங்க. 'எதுக்கு ரெடி சார்?'னு திருப்பிக் கேக்காதீங்க, தேங்க்ஸ் சொல்லி டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடுங்க.

நியூஸ் தலைப்புல 'செட் டு' வரும். 'ரெயின் செட் டு கன்டின்யூ'. மழையை யாரும் செட் பண்ணல, தொடரப் போகுது, தொடரும் போல இருக்கு, அவ்ளோதான். இதை 'மழை தொடர அமைக்கப்பட்டுள்ளது'னு மொழிபெயர்த்து என்கிட்ட ஒருத்தர் அனுப்பினாரு, மெஷின்ல போட்டு எடுத்ததுனு பாத்த உடனே தெரிஞ்சுது.

இறந்தகாலத்துக்கும் இது மாறாது, நேத்தும் செட், இன்னைக்கும் செட், 'செட்டட்'னு ஒண்ணு கிடையவே கிடையாது. 'ஹி செட் தி பாஸ்வேர்டு'னு வந்தா கடைசியில எஸ் இல்லாததை வச்சு நேத்து நடந்ததுனு புரிஞ்சுக்கலாம். 'தே செட்'னா அதுவும் முடியாது, முன்ன பின்ன வரியைத்தான் பாக்கணும்.

---

பெருங்குடி_பையன்:

மேடம் இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன், ரொம்ப தேங்க்ஸ். கடைசியா ஒண்ணே ஒண்ணு, கோச்சுக்காதீங்க. 'செட்டப்'பை சேத்து எழுதணுமா பிரிச்சு எழுதணுமா? குவாலிட்டி டீம்ல ஒரு நாள் சேத்து எழுதினதுக்கு மார்க் கட் பண்றாங்க, மறுநாள் பிரிச்சதுக்கு கட் பண்றாங்க.

---

ட்ரான்ஸ்லேட்டர்_தி_நகர்:

ரெண்டு நாளும் அவங்க சரியாத்தான் கட் பண்ணிருப்பாங்க. செய்யுற வேலைன்னா பிரிச்சு எழுதணும், 'ஐ வில் செட் அப் யுவர் அக்கவுண்ட்'. ஒரு பொருளுக்கோ ஏற்பாட்டுக்கோ பேருன்னா சேத்து, 'தி செட்டப் இஸ் கம்ப்ளீட்'. லாக் இன், பேக்கப், சைன் அப் எல்லாத்துக்கும் இதே கணக்குதான். சந்தேகம் வந்தா நடுவுல கஸ்டமரோட பொருளை நுழைச்சுப் பாருங்க, 'செட் இட் அப்'னு சொல்ல முடிஞ்சா அது பிரியுற ஜாதி. இன்னொண்ணு, தமிழ்ல நம்ம 'செட்டப்'புக்கு இருக்குற அந்த ஏடாகூடமான அர்த்தம் உங்க அமெரிக்கா கஸ்டமருக்குத் தெரியாது, அதனால கூச்சப்படாம எழுதுங்க. ஆனா 'இட் வாஸ் எ செட்டப்'னு அவர் கோவமா எழுதினாருன்னா அது வேற, என்னை திட்டம் போட்டு மாட்டி விட்டுட்டாங்கனு சொல்றாரு. அப்ப நீங்களா பதில் எழுதாம சூப்பர்வைசர் கிட்ட தள்ளி விடுங்க.